ஏரிக்கரைத் தெருவின் நிறம்

“ரிப்போர்ட்ல இருந்து ஒரு பட்டனை எடுத்துடும்மா,” என்றார் துரை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ருக்ஸானா கம்ப்யூட்டரிலிருந்து நிமிரவில்லை. வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் குரோம்பேட்டை கம்பெனி அது. துரை பைக்கில் கொண்டுபோகிறவர். எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்று ரிப்போர்ட் போடுவது அவள் வேலை.

மேனேஜர் கேட்டாரென்று இந்த மாதம் இரண்டு பட்டன் வைத்திருந்தாள். ‘ஆள்வாரி’யை அழுத்தினால் ஆட்களின் பெயர் வரும். ‘தெருவாரி’யை அழுத்தினால் தெருக்களின் பெயர். நேரத்துக்குப் போனால் பச்சை, தாமதமென்றால் சிவப்பு.

ஆள்வாரியில் ஒரே ஒரு பெயர்தான் சிவப்பு.

“உங்க பேர் சிவப்புல வருதுன்னு எடுக்கச் சொல்றீங்களாண்ணா? எல்லாரும் அரை மணியில குடுக்கறாங்க. உங்களுக்கு மட்டும் முக்கால் மணி. மூணு மணி மீட்டிங்ல உங்களைத் தூக்கப் போறேன்னு சார் சொல்லிட்டிருக்கார்.”

“தெரியும்மா.”

“டீக்கடையில கொஞ்சம் கம்மியா நின்னிருக்கலாம்.”

“டீய வுட்டு ஒரு வருசமாச்சு. எனக்கும் சுகர் கீதுல்ல,” என்று சிரித்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஜிஎஸ்டி ரோடு மழையில் கரைந்துகொண்டிருந்தது. தாம்பரம் ரயிலின் சத்தம் ஏதோ கனவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து போனது. என்ன நினைத்தாளோ, ‘தெருவாரி’யை அழுத்தினாள்.

பெயர்கள் மெல்ல மங்கின. அந்த இடத்தில் தெருக்கள் ஒவ்வொன்றாக, நீருக்கடியிலிருந்து எழுவதுபோல் எழுந்து வந்தன. பச்சை, பச்சை, பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு.

சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெரு. அங்கே போவது துரை மட்டும்தான்.

“அண்ணா, மத்த தெருவுல நீங்களும் அரை மணிதான். இது ஒண்ணுதான் உங்களைக் கவுக்குது. அங்க என்ன?”

“எல்லாம் லிப்ட் இல்லாத மாடி வூடு. வயசானவங்க தனியா கீறாங்க. அவங்க ஓடிபி சொன்னாத்தானே டெலிவரி முடிஞ்சதா ஏறும்? கண்ணாடியத் தேடி, போனைத் தேடி, அந்த நாலு நம்பரைப் படிக்கறதுக்குள்ள…”

ருக்ஸானாவின் முகம் தெளிந்தது. “அப்ப மீட்டிங்ல முதல்ல இதைத்தான் காட்டப் போறேன். உங்க மேல தப்பில்லன்னு சாருக்குத் தெரிஞ்சிடும்.”

“நான் எடுக்கச் சொன்னதே இதைத்தாம்மா. ஆள்வாரி அப்படியே இருக்கட்டும்.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். “அப்புறம் உங்க வேலை?”

துரை திரையில் இருந்த அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூடுவாஞ்சேரில போன மாசம் ரெண்டு தெருவை நிறுத்துனாங்க, ஞாபகம் இருக்கா? ஆள் லேட்டுன்னா வேற ஆளை அனுப்புவாங்க. தெரு லேட்டுன்னா, அங்க மருந்தே அனுப்ப மாட்டாங்கம்மா.”