இரண்டாவது வரி

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தம்பி குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளக்கூட மாட்டேன் என்கிற அக்காவைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

மருந்துக்கடைக்காரர் கவுன்ட்டர் வேலைக்குக் கூப்பிட்ட நாளிலிருந்து தம்பி மனைவியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைப்பெல்லாம் பாத்திரத்தில் இறங்கியது. டமார்!

"மெதுவா, மெதுவா" என்றான் கணவன், ஹாலில் சன்னலோரம் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி.

நூலக மாடியில் சனிக்கிழமை தர்க்கவியல் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவன் மூன்று வரியாகத்தான் பேசுகிறான். மூன்றாவது வரி 'ஆகவே' என்று தொடங்கும். தெருவில் அவனுக்குப் பெயரே இப்போது ஆகவே.

"கடைக்காரருக்கு இன்னிக்குப் பதில் சொல்லணுங்க. இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவார்."

"கோபப்படாம கேளு. ஒண்ணு, குழந்தையைப் பார்த்துக்க அக்கா சம்மதிச்சாத்தான் நீ வேலைக்குப் போக முடியும். ரெண்டு, அக்கா சம்மதிக்க மாட்டா. ஆகவே, நீ போக முடியாது. எங்கேயாவது ஓட்டை இருந்தா காட்டு."

ஓட்டை தெரியவில்லை. இன்னொரு பாத்திரத்தை டமாரென்று வைத்தாள்.

"ஏன், நீங்க பார்த்துக்கக் கூடாதா?"

"பேச்சை மாத்துறே பாரு! இந்தத் தப்புக்குன்னே ஒரு பேர் இருக்கு. போன வாரம்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

"என்ன பேரு?"

"மறந்துடுச்சு. ஆனா தப்பு."

அறைக்குள்ளிருந்து அக்கா வந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கும் தம்பி மனைவிக்கும் பேச்சு 'ம்', 'ஊஹூம்' அளவில்தான். மனைவியின் இடுப்பிலிருந்த குழந்தை அத்தையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. அக்காவின் கையும் பாதி தூரம் வந்தது. தாயின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, அப்படி என்ன என் மேல கோபம்? குழந்தையைப் பார்த்துக்க மாட்டேன்னு ஒரே அடியா சொல்லிட்டீங்களாமே?"

"நான் சொன்னேனா? என்னை யாரு கேட்டா?" அக்காவுக்கும் குரல் ஏறியது. "நீ மட்டும் என்னவாம்? ஹால்ல என் தையல் மெஷினைப் போட்டா பொறந்த வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னியாமே? பாவம், அது பால்கனியில கிடந்து துருப்பிடிக்குது."

"நானா? மெஷினா? யாரு சொன்னது?"

"அவன்தான். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. ஒண்ணு, அவ சம்மதிச்சாத்தான் ஹால்ல மெஷினைப் போட முடியும். ரெண்டு, அவ சம்மதிக்க மாட்டா..."

"ஆகவே!" என்றாள் மனைவி.

இருவரும் சன்னல் பக்கம் திரும்பினார்கள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினான். "இங்க பாருங்க, வாதத்தோட அமைப்பு சரியா இருக்கான்னு பார்க்கறதுதான் தர்க்கம். ரெண்டாவது வரி உண்மையா பொய்யான்னு தேடிப் போறது அதோட வேலை இல்ல. எங்க வாத்தியாரே சொல்லியிருக்கார்."

"தர்க்கத்தோட வேலை இல்லதான். புருஷனோட வேலை" என்றாள் மனைவி.

அக்கா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அத்தையின் மூக்கைப் பிடித்துச் சிரித்தது.

"போம்மா, போய்க் கடைக்காரர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டு வா. வீட்டுல உட்கார்ந்து தைக்கறவளுக்கு இந்த வாலைப் பார்த்துக்கத் தெரியாதா?"

மனைவி செருப்பை மாட்டினாள். அக்கா தம்பியிடம் வந்து நின்றாள்.

"ஒண்ணு, தைக்கறதுக்கு நல்ல வெளிச்சம் வேணும். ரெண்டு, இந்த வீட்டுக்குள்ள நல்ல வெளிச்சம் இந்தச் சன்னல்கிட்டதான் இருக்கு. ரெண்டும் உண்மைதான்னு உட்கார்ந்திருக்கிற உனக்கே தெரியும். ஆகவே தம்பி, கொஞ்சம் எழுந்திரிச்சு அந்த நாற்காலியைப் பால்கனியில போட்டுக்கப்பா."