சோத்து டப்பாவ தொறக்க மாட்டேன்

"உக்காருங்க எல்லாரும். பேச்ச நிறுத்துங்க. காளி, நீ ரொட்டி மெல்லுற சத்தம் பெருசா இருக்கு. விழுங்கிட்டு கேளுலா."

சுங்கைப் பட்டாணியில கையுறை கம்பெனிக்கு எதிர்க்க கவுஸ் பாய் கடை. வேலைக்கு மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கு. மழை ஜாக்கெட்ட கழுத்து வரைக்கும் இழுத்து மாட்டிக்கிட்டு மனோகரன் நடுவுல நின்னாரு. ஒரு வாரம் லீவு போட்டு, பிளேன் ஏறி, கோத்தா கினாபாலுவுல மகளப் பாத்துட்டு வந்த மனுஷன். கதை தொண்டைக்குள்ள நிக்கல.

"ஏர்போர்ட்டுல பைய மிஷின்ல விட்டேனா, ஒரு மலாய்க்காரப் பொண்ணு..." கழுத்த சாய்ச்சு குரல மெலிசாக்குனாரு. "'மாஃப் பாக்சிக், மன்னிச்சுக்குங்க அங்கிள், டப்பாவ கொஞ்சம் தொறக்கலாமா'ங்குது."

கடையே சிரிச்சுச்சு. அவரு ஒருத்தர மாதிரி பேசுனா அந்த ஆளே வந்து நிக்கும்.

"உள்ள என்னண்ணே?"ன்னான் காளிதாசன்.

"நெய்ச்சோறு, ஆட்டுக்கறி பெரட்டல். எம் பொஞ்சாதி விடியக்காலையில எந்திரிச்சு மகளுக்குக் கட்டிக் குடுத்தது. முடியாதுன்னுட்டேன். நான் என்ன திருடனா?"

"தொறந்து காட்டிட்டு போறதுதானே லா."

"ஏன் காட்டணும்? ஒருத்தன் திங்கிற சோத்த இன்னொருத்தன் எட்டிப் பாக்கலாமா? பின்னால அம்பது பேரு நிக்கிறான். நின்னா நிக்கட்டும்னு டப்பாவ கட்டிப் புடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"பெரிய ஆபீசர் வந்தான்." ஜாக்கெட்டுப் பையில இருந்த நீலப் பேனாவ எடுத்து, காளிதாசன் உடம்புல மேலயும் கீழயும் ஓட்டி, பீப் பீப்னாரு. "'தொறந்தாதான் பிளேனு'ன்னுட்டான். அந்தப் பொண்ணு என்னமோ ஆபரேஷன் பண்ணப் போற மாதிரி பழைய கையுறைய கழட்டிப் போட்டு, புதுசா மாட்டுச்சு. மூடிய மட்டும் தூக்கிப் பாத்துட்டு, 'நல்ல வாசம் பாக்சிக்'னு மூடிக் குடுத்துச்சு. நான் விடுவேனா? 'உங்கப்பன் சோத்த இப்படித் தொறப்பியா'ன்னு கேட்டேன். தலைய குனிஞ்சுக்கிச்சு."

"சரியான கேள்வி அண்ணே," கவுஸ் பாய் தே தண்ணி ஆத்திக்கிட்டே சொன்னாரு.

மனோகரனுக்கு நெஞ்சு ஒரு சுத்து பெருத்துப் போச்சு. "சோத்துக்கு ஒரு மரியாதை வேணுமா வேணாமா? கேக்காம விட்டா நம்ம தலையில ஏறி உக்காருவானுங்க."

கம்பெனி மணி அடிச்சுச்சு. ஓர மேசையிலேருந்து பாப்பம்மா எந்திரிச்சாங்க. பத்து வருஷமா பேக்கிங்ல வேலை. அவங்க பேசி அந்தக் கடையில யாரும் கேட்டதில்ல. சோத்து டப்பாவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, மனோகரன் கையில இருந்த பேனாவப் பாத்தாங்க.

"போன் ஒளிச்சு வச்சிருக்கேனான்னு தெனமும் கேட்ல காவலுக்கு நின்னு நீங்க என் சோத்துல விட்டுக் கிண்டுறது இந்தப் பேனாதானே, ஜாகா அண்ணே? இன்னிக்கு நான் தொறக்க மாட்டேன். தொறந்தே ஆகணும்னா கையுறை மாட்டிக்கிட்டு வாங்க, பெட்டி பெட்டியா நாந்தானே கட்டுறேன்."