புகைபோக்கிக்கு நடுவே ஒரு சுவர்

"உச்சியிலேருந்து அடிவரைக்கும் உள்ளே ஒரு சுவர் எழுப்பிடுங்க. அவன் வீட்டுப் புகை ஒரு இழைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது."

பெரியவர் கொத்தனாரிடம் சொன்னது தெருமுனை வரை கேட்டிருக்கும். அடுத்த வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பிக்குக் கேட்க வேண்டும் என்பதுதானே அவருக்கு வேண்டியது.

ஒரே வீடுதான். நடுவில் குறுக்குச் சுவர் வைத்து அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்தைப் பிரித்தார்கள், ஏணியைக்கூட அறுத்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். புகைபோக்கியைத்தான் பிரிக்க முடியவில்லை. இரண்டு சமையலறை அடுப்புகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஒரே செங்கல் கூண்டு வழியாகப் புகையை மேலே அனுப்பிக்கொண்டிருந்தன.

சண்டைக்குக் காரணம், வாசல் கேட்டை உள்பக்கம் திறப்பதா வெளிப்பக்கம் திறப்பதா என்பது. அந்த கேட் துருப்பிடித்து விழுந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. சண்டை மட்டும் துருப்பிடிக்கவில்லை.

இந்த மழையில் புகைபோக்கியின் தலைப்பக்கம் சாந்து கரைந்து செங்கற்கள் ஆட ஆரம்பித்தன. தண்ணீர் உள்ளே இறங்கி அடுப்பில் சொட்டியது. புகையோ மேலே போக மனமில்லாமல் சமையலறைக்கே திரும்பி வந்தது. கொத்தனார் ஏறிப் பார்த்துவிட்டு, இடுக்குகளில் உள்ள பழைய சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்துப் பூச வேண்டும், மேலே ஒரு மூடி போட வேண்டும், வேறொன்றும் இல்லை என்றார். நடுச்சுவர் பெரியவரின் சொந்த யோசனை. தம்பி சம்மதிக்க வேண்டுமே என்று கொத்தனார் தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் போய்க் கேட்டார். அண்ணன் சொன்னதையே இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்லி அனுப்பினார் தம்பி. பிரிந்த நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பெரியவரின் மனைவிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஊருக்கு அவளும் அவள் ஓரகத்தியும் எலியும் பூனையும். கடைவீதியில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து அடுப்புக்குள் குனிந்தால் போதும். "அக்கா, அந்த ஊதாப் புடவை உங்களுக்கு எடுப்பா இருந்துச்சு" என்று புகைபோக்கிக்குள்ளிருந்து குரல் வரும்.

தினமும் சாயங்காலம் பெரியவர் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தம்பி காலாற நடக்கப் போய்விடுவார். அதன்பிறகு, அடுப்பு பற்ற வைக்கும்வரை, அந்தக் கூண்டு பெண்கள் இருவருக்கும் சொந்தம். பிள்ளைகளின் படிப்பு, தம்பிக்கு அடிக்கடி வரும் மூச்சிரைப்பு, யார் வீட்டில் யார் சண்டை என்று பேச்சு எங்கெங்கோ போகும். எங்கே போனாலும் கடைசியில் கட்டிய புருஷன்மாரிடம்தான் வந்து நிற்கும்.

"எனக்கு வாய்ச்சது கருங்கல்லு. உனக்கு வாய்ச்சது அதோட தம்பிதானே, வேற எப்படி இருக்கும்" என்பாள் இவள். அந்தப் பக்கம் சின்னவள் சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள்.

இதெல்லாம் போய்விடுமே என்று கணவனிடம் ஜாடைமாடையாகப் பேசிப் பார்த்தாள். நடுவில் சுவர் வைத்தால் வழி குறுகிப் புகை நின்றுபோகாதா என்றாள். புகை நின்றாலும் பரவாயில்லை, மானம் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார். சின்னவளும் தன் பங்குக்கு அங்கே வாதாடிப் பார்த்தாள். அவளுக்கும் அதே மானம்தான் பதிலாகக் கிடைத்தது. அன்று சாயங்காலம் இருவரும் அடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் கொத்தனார் அடுப்புகளுக்கு நடுவே அடி வரிசையை வைத்துச் சுவரை எழுப்பத் தொடங்கினார். அதற்கு அடுத்த நாள் அது அவள் தலையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. புகைபோக்கிக்கு மூடி வாங்கப் பெரியவர் கிளம்பிப் போனதும் அவள் டீயோடு கொத்தனாரிடம் வந்தாள்.

"நான் ஒண்ணு கேப்பேன். அது ஐயா காதுக்குப் போகக் கூடாது."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெளியே தெரியாத இடமாப் பார்த்து, நடுச்சுவர்ல ரெண்டு செங்கல்லை மட்டும் எடுத்துடுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. டீயை நிதானமாக ஊதி ஒரு வாய் குடித்தார்.

"ஏற்கெனவே விட்டுத்தாம்மா கட்டியிருக்கேன்" என்றார்.

"சின்னவ வந்து சொன்னாளா?"

"அவங்க சொல்லலை. ஐயாதான் சொன்னாரு. சுவர்ல ரெண்டு செங்கல் விட்டுடு, மாடி அறையில கரி வார்றதுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கு, அதையும் பூசிடாதேன்னாரு. சாயங்காலம் அதுல காதை வச்சா நீங்க ரெண்டு பேரும் பேசுறது ஒரு வார்த்தை விடாமக் கேக்குதாம். தம்பிக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்குன்னு நான் வேற யார்கிட்டப் போய்க் கேக்கிறதுன்னு சொன்னாரு."

அவள் இத்தனை வருஷமாகத் தான் அந்தப் புகைபோக்கிக்குள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அதில் தம்பியைப் பற்றியது கால்வாசிகூடத் தேறவில்லை.