தமிழ்ப் பட ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை தெலுங்குச் சீமையிலிருந்த மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் தமிழர்கள் எல்லார் முகத்திலும் கல்யாணக் களை. ஆரோக்கியசாமி மட்டும் எப்படித் தப்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் டிவியில் தமிழ்ப் படம்.

வாரம் ஒரு மொழி என்று தூர்தர்ஷன் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தமிழுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். கையிலேயே படம் பார்க்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தவம் புரியாது. அசாமி, ஒரியா என்று எது வந்தாலும் விடாத சனம், நம்ம பாஷை வந்தால் விடுமா? டிவி இருந்தது உலகநாதன் வீட்டில் மட்டும்தான். அவர் வீட்டுக் கூடத்தில் காலையிலேயே பாய் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள்.

மற்ற வாரங்களில் ஆரோக்கியசாமிதான் அங்கே முதல் ஆள். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்து வரும். பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு, சுவரோரப் பெஞ்சிலிருந்து ரயில்வே பட்டறையின் பாய்லர் ஷாப் ஆண்கள் போட்டி போட்டுக்கொண்டு அதை வாசித்துக் கதை சொல்வார்கள். "ஐயோ பாவம், அந்தப் பொண்ணுக்கு டி.பி.யாம்!" என்று ஆரோக்கியசாமி சொன்னால் போதும், முந்தானைகள் கண்ணுக்குப் போகும்.

அந்த நேரம் அவருக்குச் சொர்க்கம். அந்தக் கூடத்தில் யாருக்குமே காதால் பிரயோஜனம் இல்லை. எல்லாரும் அவரைப் போலத்தான்.

ஆரோக்கியசாமிக்குக் காது போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

ரயில் இஞ்சினின் பாய்லருக்குள் உட்கார்ந்து ரிவெட் ஆணி அடித்த காது. ஷாப்புக்குள் அது ஒரு குறையாகவே தெரியாது. அங்கே விழுகிற அடியில் சாமியே வந்து பேசினாலும் கேட்காது. எல்லாரும் கை ஜாடையில்தான் பேசுவார்கள். வெளியே வந்தாலும் அந்த ஷாப் ஆட்கள் தொண்டை கிழியக் கத்துவது ஊரறிந்த வழக்கம். அந்தக் கும்பலுக்குள் அவரும் தப்பித்து வந்தார்.

சோதனை பண்ணும் ரயில்வே டாக்டரிடமும் உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவார். விஷயம் தெரிந்தால் லாயக்கில்லை என்று எழுதி, கேட் ஓரம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அந்த ஸ்டூலை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது. கூட வேலை செய்கிறவர்களிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை. மனைவி லூர்துமேரிக்கு மட்டும்தான் தெரியும்.

தமிழ்ப் படத்தில் என்ன ஆபத்து என்கிறீர்களா? அந்த எழுத்துதான் ஆபத்து. நடிகர் பாதி வசனத்தில் இருக்கும்போதே முழு வசனமும் கீழே வந்து நின்றுவிடும். காதால் கேட்கிறவன் கடைசியில்தான் சிரிப்பான். கண்ணால் வாசிக்கிறவன் முந்திக்கொண்டு சிரித்துவிடுவான். தமிழன் தமிழ்ப் படத்தை எதற்கு இங்கிலீஷில் வாசிக்கிறான் என்று ஒருத்தர் கேட்டால் போதும், கதை கந்தல்.

"நக்கோங்க, போக வேணாம்! தலைவலின்னு சொல்லிட்டுப் பேசாம படுத்துக்குங்க" என்றாள் லூர்துமேரி, அவர் முகத்துக்கு நேரே நின்று.

அசாமிப் படத்துக்கே ஓடி வந்த ஆள் தமிழ்ப் படத்துக்கு வரவில்லை என்றால், அதைவிடச் சந்தேகம் வேறு வேண்டுமா? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெஞ்சில் ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் கிதியோன், ஓரத்தில் வீட்டுக்காரர் உலகநாதன். எல்லாரும் ஒரே ஷாப்.

எழுத்துப் பக்கமே போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார் ஆரோக்கியசாமி. முன்னால் பாயில் இருந்த லூர்துமேரியின் முதுகைப் பார்ப்பது, அது குலுங்கினால் சிரிப்பது. அதுதான் திட்டம்.

திட்டம் நன்றாகவே நடந்தது. முதுகு குலுங்கியது, சிரித்தார். முதுகு அடங்கியது, அடக்கிக்கொண்டார். ஆனால் இத்தனை மாதம் காத்திருந்து வந்த சொந்தப் பாஷைப் படம். கதை என்னவென்றே தெரியாமல் பெண்டாட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

அப்போது திரையில் பெண் பார்க்கும் காட்சி வந்தது. அவருக்குத் தாளவில்லை. ஒரே ஒரு தடவை என்று கண்ணைத் தூக்கினார்.

கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் பெருமையை விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கியிருந்தார். கீழே முழுசாக வந்துவிட்டது: பையன் குடிக்க மாட்டான், பீடி தொட மாட்டான், வேலைக்கும் போக மாட்டான்.

ஆரோக்கியசாமி வெடித்துச் சிரித்துவிட்டார்.

அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டார். பாயில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எல்லாப் பெண்களும் திரும்பி, பேய் பிடித்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் இன்னும் முதல் விரலில்தான் இருந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார். அப்புறம்தான் கவனித்தார். பெண்கள் அவரை மட்டும் பார்க்கவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மொத்தப் பெஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெருமாள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கிதியோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். உலகநாதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

தரகர் மூன்றாவது விரலை மடக்கினார். அப்போதுதான் பெண்கள் சிரித்தார்கள். அதைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்த மற்ற மூணு பேரும் சிரிப்பைக் கப்பென்று நிறுத்தினார்கள். நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

பெருமாள் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். இப்படி யாராவது சொன்னால் தலையை ஆட்டிச் சிரித்து வைப்பதுதான் ஆரோக்கியசாமியின் வழக்கம். இன்றைக்கு அவருக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லை. மனசு பஞ்சாக இருந்தது.

"என்னப்பா சொன்னே? எனக்குக் கேக்கல" என்றார், கூடமே கேட்கும்படி.

பெருமாள் தன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, அவர் வாயையே உற்றுப் பார்த்தார்.