கோணல் காது யானை

“இந்த யானை இருநூறு, அங்கிள்,” என்றாள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சிறுமி.

உள்ளங்கையில் நிற்கிற அளவு துணி யானை. கருநீலத்தில் மஞ்சள் புள்ளி. அதைக் கண்டதும் துண்டுத்துணிக் கடைக்காரருக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அந்தத் துணி அவர் கடையைத் தவிர ஊரில் வேறெங்கும் கிடையாது. அச்சு பிசகி, புள்ளிக்கெல்லாம் வால் முளைத்துவிட்ட சரக்கு அது. மூட்டையோடு அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். போன மாதம் மகள் அதில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு ஓடியதும் அவர் கண்முன்னால்தான்.

விடுமுறைத் தையல் வகுப்பின் கடைசி நாள். பிள்ளைகள் தைத்த பொம்மை, பென்சில் பை, ஊசி குத்தும் குட்டித் தலையணை எல்லாம் பள்ளிக்கூட வராந்தாவில் விற்பனைக்கு இருந்தன. தையல் டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தார். எதிலும் பெயர் கிடையாது. பெயர் இருந்தால் அவரவர் பிள்ளை தைத்ததை அவரவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். விற்று முடியும்வரை எது யாருடையது என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. மகளும் வீட்டில் மூச்சு விடவில்லை. காலையில் கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

“என்னோடது விக்கலைன்னா இனிமே ஊசியைத் தொடவே மாட்டேன்பா.”

எட்டு வயதுதான். ஆனால் சொன்னால் சொன்னபடி செய்கிற ஜென்மம். அதனால்தான் வியாபார நேரத்தில் கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். வந்து பார்த்தால் மேசையில் முக்கால்வாசி காலி. யானை மட்டும் சீந்துவாரில்லாமல் ஓரத்தில் சாய்ந்திருந்தது.

கேட்டதைக் கொடுத்து எடுத்துப் போயிருக்கலாம். முப்பது வருஷமாகப் பேரம் பேசிய வாய் கேட்குமா? தவிர, சொன்ன விலைக்கு ஒருவன் வாங்கினால் அவன்தான் அப்பன் என்று டீச்சருக்கு விளங்கிவிடாதா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதைச் சந்தையில் காட்டிக்கொள்கிற காக்கை திவாலாகும். எனவே பழைய சரக்கைப் பார்ப்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

“காது ஏன் ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் இருக்கு?”

சிறுமி குனிந்து பார்த்தாள். “கோணல்தான்,” என்றாள்.

வியாபாரம் தெரியாத பிள்ளை என்று எண்ணிக்கொண்டார். தன் மகளாக இருந்தால், யானை யாரையோ ஒட்டுக்கேட்கிறது என்று சொல்லிக் காதுக்குத் தனி விலை போட்டிருப்பாள். விற்கிறவள் குறையை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று இலவசமாகப் புத்தி சொல்லிவிட்டு, துணிக்கடை வழக்கப்படி பழுதுக்கு இவ்வளவு என்று கழிக்க ஆரம்பித்தார். காதுக்கு நாற்பது. அடுத்து யானையை மேசைமேல் நிறுத்தினார். அது பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. குட்டைக் காலுக்கு ஐம்பது.

“தையல்னா எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கணும்மா. இது தவளை தாவின மாதிரில்ல இருக்கு.”

பக்கத்தில் பை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் சிரித்துவிட்டார். சிறுமியும் சிரிக்கப் பார்த்தாள். தையலுக்கும் ஒரு ஐம்பது போயிற்று.

“தும்பிக்கை நல்லா இருக்குல்ல, அங்கிள்?” என்றாள் மெல்ல. “தச்சப்புறம் உள்பக்கத்தை வெளிய திருப்பணும். பென்சிலை விட்டுத் தள்ளித் தள்ளி... ரெண்டு தடவை கிழிஞ்சுடும். அதுதான் ரொம்பக் கஷ்டம்.”

“கஷ்டத்துக்கெல்லாம் யாரும் காசு தர மாட்டாங்கம்மா. சரக்குக்குத்தான் தருவாங்க. அறுபது வச்சுக்கோ.”

சிறுமி டீச்சர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மேலே போன காதை விரலால் அழுத்திச் சரிசெய்து, யானையைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

வாசலுக்கு வருவதற்குள் அவர் மனம் நிறைந்துவிட்டது. பெண்ணைச் சபதத்திலிருந்து காப்பாற்றியாயிற்று, பேரத்திலும் தோற்கவில்லை. இருநூறுக்கு விற்றது என்றே வீட்டில் சொல்லிவிடலாம், மீதியைத் தானே அவள் உண்டியலில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் ஓடி வந்தாள். தன்னுடைய சிவப்புப் பென்சில் பை முதல் அரைமணியிலேயே போய்விட்டதாம். வாங்கின அம்மாள் மறுபேச்சுப் பேசாமல் காசைக் கொடுத்தாராம்.

அவர் பையைத் திறந்து காட்டினார். “அப்போ இது? நம்ம கடைத் துணியாச்சே.”

“அவகிட்ட துணியே இல்லப்பா. நான்தான் அதைக் கொடுத்தேன்.” மகள் யானையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “அங்க மேசையில உக்காந்திருக்காளே, அவ தச்சது. அவளுக்கு இதுதான் முதல் பொம்மை.”

விறுவிறுவென்று திரும்பி வந்தவரின் கையில் இன்னொரு ரூபாய் நோட்டு மடங்கியிருந்தது. சிறுமி நிமிரவில்லை, விற்பனை நோட்டில் கடைசி வரியின் கீழ் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

‘யானை 200. கோணல் காது 40, குட்டைக் கால் 50, தவளைத் தையல் 50 கழித்தது. கஷ்டத்துக்கு 0. வந்தது 60. கணக்கு சரி.’