லிட்டருக்குப் பதினெட்டு

லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்த எஸ்யூவி ஒன்பதுதான் கொடுத்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நந்தகோபால் ஆறு மாதமாகப் புலம்பியதால், அவன் மனைவி ஹேமலதா ஒரு சனிக்கிழமை வண்டியைச் சர்வீஸுக்கு எடுத்துப் போனாள். மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்.

"வண்டியில கோளாறே இல்ல மேடம். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல நின்ன இடத்துலயே எஞ்சின் ஓடுது. ஏசி வேற. அப்புறம் பதினெட்டு எப்படி வரும்?"

"சிக்னல்ல நிக்கறதா இருக்கும்."

"இல்ல மேடம், ஒரே இடம். சாயங்காலம் ஆறரையிலேர்ந்து எட்டு வரைக்கும்." திரையில் அவர் காட்டிய புள்ளி, அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மேலேயே இருந்தது.

அவன் வீட்டுக்குள் நுழைவது எட்டு மணிக்கு. டிராஃபிக் என்பான்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு அவள் லிஃப்டில் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். வண்டி அதன் இடத்தில் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே நந்தகோபால் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கையில் போன் இல்லை, பாட்டும் ஓடவில்லை. யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால்கூட அவளுக்குக் கோபப்படத் தெரிந்திருக்கும்.

மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவன் திடுக்கிடவில்லை.

"இன்னிக்கும் ஒன்பதுதான் காட்டுது," என்றான்.

"வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லையாம்."

"அப்படியா?" உண்மையாகவே புரியாதவன் போலக் கேட்டான்.

எஞ்சினை நிறுத்த அவன் கை போகவில்லை. நிறுத்தச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.