கொஞ்சம் விரிந்து கொடுக்கும் பை

"இது பையா, தலையணை உறையா?" என்று கேட்டார் மாமியார்.

அப்போது கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சோபாவின் நடுவில், புதிதாக வந்த லேப்டாப் உறையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார். அவருக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் மருமகள். சோபாவின் கைப்பிடியில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் மகன். வாசல் கதவை ஒட்டிய நாற்காலியில், செய்தித்தாளுக்குப் பின்னால் மாமனார்.

மாமனாரின் இடம் மாறாதது. பெட்டியோடு யார் கிளம்பினாலும் எங்கே, எதற்கு, எப்போது திரும்புவது என்று மூன்று கேள்வி கேட்பார். பதிலெல்லாம் வாங்கிக்கொண்டு, இப்போது போய்த்தான் ஆக வேண்டுமா என்று நாலாவதாக ஒன்று கேட்பார். அந்த நாற்காலியைத் தாண்டிப் போன பெட்டிகளைவிடத் திரும்ப உள்ளே வந்த பெட்டிகளே அதிகம். ஆபீஸ் பைக்கு மட்டும் கேள்வி கிடையாது.

மருமகளின் அம்மாவுக்கு அடுத்த சனிக்கிழமை கண் ஆபரேஷன். தனியாக இருப்பவர். பத்து நாள் அங்கிருந்தே வேலை பார்க்க மேனேஜர் சம்மதித்துவிட்டார். ஆபீஸ் வேலை என்றதும் மாமனாரும் தலையாட்டிவிட்டார். மாற்றுத் துணி அம்மா வீட்டிலேயே இருந்தது. கொண்டுபோக வேண்டியது லேப்டாப் ஒன்றுதான். ஆனால் மாமியார் ஒரு நிபந்தனை போட்டார். ஆபீஸ் மெஷினைக் கண்டபடி பஸ்ஸில் தூக்கிப் போகக் கூடாது. பை வாங்கி, அதைத் தான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பயணம்.

"லேப்டாப்பைத் தவிர இதுல ஒரு கைக்குட்டைகூட நுழையாது போல இருக்கே," என்றார் மாமியார்.

"லேப்டாப்பை மட்டும்தானே அத்தை வைக்கப்போறேன்."

"இப்ப அப்படித்தான் சொல்லுவே. திருப்பி அனுப்பு."

அடுத்து வந்தது கெட்டியான ஓடு போட்டது. மாமியார் இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். பை என்றால் கொஞ்சமாவது விரிந்து கொடுக்க வேண்டாமா, இது எதற்கும் அசையாத ஆளாக இருக்கிறதே என்று, ஏனோ வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் ஒதுக்கினார்.

மூன்றாவதற்குச் சக்கரம் இருந்தது. மகன் பெருமையாகக் கூடம் முழுக்க உருட்டிக் காட்டினான். செய்தித்தாள் சற்றே இறங்கியது. யார் பெட்டி, எங்கே பயணம் என்று கேட்டார் மாமனார். அவ்வளவுதான், மாமியார் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்த்ததும் ஆபீஸ் பை என்று தெரிய வேண்டாமா என்று மகனைக் கடிந்துகொண்டார்.

நாலாவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாமியார் ஜிப்பை இழுத்து, பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"சத்தம் போடுதே."

"போட்டா என்னம்மா? உள்ள தூங்கற மெஷின் முழிச்சுக்கிட்டு அழுமா?" என்றான் மகன்.

"நீ வாயை மூடிக்கிட்டு அடுத்ததை வரவழை."

சமையலறையில் மருமகள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "உங்கம்மாவுக்கு நான் போறது பிடிக்கலை. அதை நேரா சொல்லிட்டுப் போகலாம்ல? வாயில்லாத பையை எதுக்குத் திட்டணும்?"

மாலையானால் மாமியார் சம்பந்தியோடு போனில் கொஞ்சிப் பேசியதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ள ஆள் வருகிறது என்று அங்கே ஆறுதல். இங்கே தினம் ஒரு முட்டுக்கட்டை.

ஐந்தாவது பை வியாழக்கிழமை வந்தது. சாம்பல் நிறம், அகலமான அடி, தோளில் மாட்ட நீண்ட பட்டை. மாமியார் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சத்தமே இல்லை.

"இதுதான் பை," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, மெஷின் உராயாமல் தானே வைப்பதாகச் சொல்லிப் பையை அறைக்குள் எடுத்துப்போய்க் கொண்டுவந்தார் மாமியார். தோளில் மாட்டியதும் மருமகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். இதுவும் ஏதோ சோதனை என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

நாற்காலி அருகே செய்தித்தாள் இறங்கியது. ஆபீஸ் பையைப் பார்த்தது. வெறும் கையோடு வந்த மாமியாரைப் பார்த்தது.

"இவளை பஸ் ஏத்தி விட்டுட்டு வரேன்," என்றார் மாமியார்.

செய்தித்தாள் ஏறிக்கொண்டது.

பஸ் நிலையத்தில் மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியனுப்ப ஏறிய மாமியார் இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத்தை, பஸ் கிளம்பப் போகுது."

"கிளம்பட்டும். நீ மீட்டிங்ல உக்காந்திருக்கறப்ப உங்கம்மா கண்ணுல மருந்து யாரு விடுவா?"

மாமியார் சத்தமில்லாமல் ஜிப்பைத் திறந்தார். லேப்டாப்புக்கு அடியில் மடித்த இரண்டு புடவை, மாத்திரை டப்பா, சீப்பு. சீப்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு கவரை எடுத்து, ஓரத்தை நாக்கில் நனைத்து அழுத்தி ஒட்டினார். மருமகளைத் தாண்டிக் குனிந்து, ஜன்னல் வழியே, அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காத்திருந்த ஆட்டோக்காரரிடம் நீட்டினார்.

"நாங்க ஏறின வீட்டு வாசல்ல, பேப்பருக்குப் பின்னால ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட குடுத்துடுங்க. மூணு கேள்விக்கும் பதில் உள்ள இருக்கு, நாலாவதை நான் திரும்பி வந்தப்புறம் கேக்கச் சொல்லுங்க."